கால் விரலிலிருந்து பிடரி வரை ஒரே செல்

(பொது நூலகம் ஒன்றில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வலது கால் பெருவிரலைத் தரையில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தரை வழவழப்பா, சொரசொரப்பா என்று தெரிகிறதல்லவா? அந்தச் செய்தியை ஏற்றிக்கொண்டு போன செல்லின் ஒரு முனை அந்த விரலின் தோலுக்குள் இருக்கிறது. மறுமுனை உங்கள் பிடரிக்குள், மண்டையோட்டின் அடிப்பாகத்தை ஒட்டி இருக்கிறது. இடையில் ஒட்டோ இணைப்போ கிடையாது. உயரமான ஆளாக இருந்தால் அந்த ஒற்றைச் செல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். மனித உடம்பில் இதைவிட நீளமான செல் வேறு இல்லை.

நரம்பு மண்டலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மூளையில் தொடங்கிக் கீழே இறங்கி வருவார்கள். நான் காலில் தொடங்கி மேலே ஏறப்போகிறேன். இந்தக் கூட்டத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் இருப்பீர்கள். சர்க்கரையால் நரம்பு கெடும்போது அது பெரும்பாலும் கால் விரலில்தான் தொடங்குகிறது. ஏன் அங்கே? விடை இந்த நீளத்தில் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது அதுதான். மற்றதெல்லாம் அதைப் புரிந்துகொள்ளத் துணை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது ரத்தக்குழாய். நரம்பு வெளியே தெரியாது. தோலுக்குக் கீழே வெளிர்நிறக் கயிறாக ஓடும். தண்டுவடத்திலிருந்து இரு பக்கமும் 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. மூளையிலிருந்து நேரடியாக 12 இணை. ஒவ்வொரு நரம்புக்குள்ளும் ஆயிரக்கணக்கான நார்கள். ஒவ்வொரு நாரும் ஒரு நரம்பு செல்லின் நீட்சி. அதற்கு ஆக்சான் என்று பெயர்.

கால் விரலின் தொடு உணர்வைச் சுமக்கும் செல்லின் உடல், அதாவது உட்கருவும் புரதம் செய்யும் கருவிகளும் உள்ள பகுதி, காலில் இல்லை. கீழ்முதுகில், இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள துளையில், ஒரு சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை தொடை, கெண்டைக்கால் வழியாக விரலுக்கு இறங்குகிறது. இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் நுழைந்து, பிடரிக்குள் உள்ள முகுளம் வரை ஏறுகிறது. செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். காலுக்கு இறங்கும் கிளையோ ஒரு மீட்டர். அந்த உடலை 5 மீட்டர் அகலமுள்ள வீடு என்று வைத்துக்கொண்டால், அதன் நார் 100 கிலோமீட்டர் போகும். மதுரையில் ஒருவர் வீட்டு அடுப்பில் சமைத்து, திருச்சிப் பாதையில் ஏறக்குறைய முக்கால் தூரத்தில் இருக்கும் ஆளுக்கு அன்றாடம் சோறு அனுப்ப வேண்டிய நிலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதுகெலும்பை ஒட்டிய அந்த முடிச்சுகள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதை நம் ஊர்க்காரர்கள் தோலிலேயே பார்த்திருக்கிறார்கள். அக்கி வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சிலோ இடுப்பிலோ ஒரே பக்கமாகப் பட்டையாய்க் கொப்புளம் கிளம்பும். முதுகில் நடுக்கோட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். சின்ன வயதில் சின்னம்மை வந்து போனதே, அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. இந்த முடிச்சுகளுக்குள் உள்ள செல்களில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்து, ஒரு முடிச்சிலிருந்து கிளம்பும் நார்களின் வழியே தோலுக்கு வருகிறது. அந்த ஒரு நரம்பு ஆளும் பட்டையில் மட்டும் கொப்புளம். அதனால்தான் அது கோட்டைத் தாண்டுவதில்லை. காவியால் அக்கி எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. எழுதிக்கொள்கிறவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நின்று எரியும் வலியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, விரலிலிருந்து செய்தி எப்படி ஏறுகிறது? 19ஆம் நூற்றாண்டின் நடுவில்கூடப் பெரிய அறிஞர்கள், நரம்பின் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று நினைத்தார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற உடலியல் ஆசிரியர் யோகன்னஸ் மியூல்லர் அப்படித்தான் எழுதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் ஒரு தவளைக் காலை எடுத்து, தசைக்கு அருகில் ஒரு முறையும் தள்ளி ஒரு முறையும் நரம்பைத் தூண்டி, தசை சுருங்க எடுத்த நேர வித்தியாசத்தை அளந்துவிட்டார். வேகம் நொடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! செப்புக் கம்பியில் ஓடும் மின்சாரம் அல்ல இது என்பது அன்றே தெரிந்துபோயிற்று.

பிறகு எது? அதற்கு விடை கிடைக்க இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. கணவாய் மீனின் உடம்பில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆக்சான் ஒன்று உண்டு. கண்ணால் பார்க்கலாம், உள்ளே மெல்லிய மின்முனையைச் செருகலாம். இங்கிலாந்தின் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதை வைத்துத்தான் 1952இல் விளக்கம் தந்தார்கள். நரம்பு செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். ஓய்வில் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னாக இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் மின்நிலை தலைகீழாகிறது. அது பக்கத்து வாயில்களைத் திறக்கிறது. அது அதற்குப் பக்கத்தில் உள்ளதை. பொட்டாசியம் வெளியேறியதும் பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நொடிக்குள் முடிகிறது. பல் பிடுங்கும் முன் ஈறில் போடுகிறார்களே லிக்னோகெய்ன் ஊசி, அது அந்தச் சோடியம் வாயில்களை அடைக்கிறது. பல்லில் நடப்பது மூளைக்குப் போவதே இல்லை.

பெரிய நார்களைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அந்த உறை தொடர்ச்சியாக இல்லாமல் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு முறையோ அதற்குள்ளோ விட்டுவிட்டு இருக்கும். அந்த இடைவெளிகளுக்கு ரேன்வியர் கணு என்று பெயர். மின்மாற்றம் கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுவதால் வேகம் பன்மடங்கு கூடுகிறது. மனித உடம்பின் விரைவான நார்களில் அது நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். வலியைச் சுமக்கும் நார்களில் ஒரு வகைக்கு மெல்லிய உறை உண்டு. இன்னொரு வகைக்கு உறையே இல்லை, அதன் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் சுமார்தான். இதை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள். இருட்டில் வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி. ‘அப்பாடா, இவ்வளவுதானா’ என்று நினைப்பதற்குள் இரண்டாவது வலி ஊறி வந்து விரலைப் பிடித்துக்கொள்ளும். ஒரே அடி, இரண்டு வகை நார், வந்து சேரும் நேரம் வேறு.

ஒரு செல் முடிந்து அடுத்த செல் தொடங்கும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதுதான் சினாப்ஸ். அங்கே செய்தி ரசாயனமாக மாறித் தாண்டுகிறது. இதை 1921இல் ஆட்டோ லோவி என்ற அறிவியலாளர் நிறுவினார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்து, அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றதன் மேல் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். நம் தசைகளை இயக்குவதும் அதுதான். வேலை முடிந்த கணமே ஒரு நொதி வந்து அதை உடைத்துவிட வேண்டும். வயலில் அடிக்கிற பூச்சிமருந்துகளில் ஒரு பெரிய வகை, ஆர்கனோபாஸ்பேட், அந்த நொதியைத்தான் முடக்குகிறது. அப்போது அசிட்டைல்கோலின் உடையாமல் தேங்கும். எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், தசைகள் துடிக்கும், கடைசியில் மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். மருந்து தெளிக்கும்போது மூக்கைத் துண்டால் கட்டினால் போதாது. அது தோல் வழியாகவும் ஏறும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடாமல், காற்றுக்கு எதிராக நின்று மருந்தடிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

இனி விரலின் செய்தியைத் தொடர்வோம். முகுளத்தில் முதல் செல் முடிகிறது. அங்கே இரண்டாவது செல் செய்தியை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து, மூளையின் நடுவில் உள்ள தலாமஸுக்குப் போகிறது. மூன்றாவது செல் தலாமஸிலிருந்து பெருமூளையின் மேற்பரப்புக்கு. கால் விரலுக்கும் உங்கள் உணர்வுக்கும் நடுவே மூன்றே மூன்று செல்கள்! மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை இறங்குவதற்கு அதைவிடக் குறைவு, இரண்டு போதும். அந்தக் கட்டளையும் முகுளத்தில் பக்கம் மாறுகிறது. இடது மூளை வலது கையை ஆள்வது இதனால்தான்.

மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எங்கே தொட்டால் எந்த உறுப்பில் உணர்வு வருகிறது என்று வரைபடம் போட்டார். 1937இல் அதை வெளியிட்டார். முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் குறைவு. விரல்களுக்கும் உதட்டுக்கும் தாராளம். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு பின்னால் உள்ள சிறுமூளையில், அசைவுகளைச் சீராக்கும் வேலையில் இருக்கின்றன. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போது இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

அதனால்தான் ரத்தம் நின்றால் மூளை நிமிடக் கணக்கில் சாகத் தொடங்குகிறது. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கூடவே வரட்டும்.

இப்போது நீளத்துக்குத் திரும்புகிறேன். ஆக்சானுக்குள் புரதம் செய்யும் வசதி மிகக் குறைவு. தேவையானதில் பெரும்பகுதியைச் செல்லின் உடல்தான் செய்து அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு ஆக்சானுக்குள் நுண்குழல்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு கைனசின் என்ற புரதம் சுமையை ஏற்றிக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடக்கிறது. விரைவுச் சரக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். முதுகிலிருந்து விரலுக்கு இரண்டரை நாள். ஆக்சானின் கட்டமைப்புப் புரதங்கள் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நகர்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று கீழ்முதுகில் புறப்பட்டது விரல் நுனிக்குப் போய்ச் சேர மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு!

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. வெறிநாய்க்கடி வைரஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது. கடிவாயில் உள்ள நரம்பு முனைக்குள் நுழைந்து, ஆக்சான் வழியாகத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. கடித்த பிறகு போடும் தடுப்பூசி வேலை செய்வதற்குக் காரணமே இந்தப் பயண நேரம்தான். 1885இல் பாஸ்டர், நாய் கடித்த சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்ற முடிந்ததும் அதனால்தான். முகத்திலும் கழுத்திலும் கடி என்றால் மூளைக்குத் தூரம் குறைவு. எங்கே கடித்தாலும் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஊசியைத் தொடங்குங்கள். எல்லாத் தவணையையும் முடியுங்கள்.

இத்தனை தூரத்துக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய செல்லுக்கு நெருக்கடி வந்தால் எந்த முனை முதலில் பட்டினி கிடக்கும்? கடைசி முனைதான். சர்க்கரை நீண்ட காலம் கட்டுக்கு அடங்காமல் இருக்கும்போது நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்கள் கெடுகின்றன, செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தி குறைகிறது, சரக்குப் போக்குவரத்து தளர்கிறது. நுனி பின்வாங்கத் தொடங்குகிறது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மரத்துப்போதல் முழங்கால் அளவுக்கு ஏறி வரும் சமயத்தில்தான் கைவிரல் நுனிகளும் மரக்கத் தொடங்கும். முதுகிலிருந்து முழங்காலுக்குக் கீழே உள்ள தூரமும் கழுத்திலிருந்து கைவிரலுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்று. கால், கை என்று நோய் பார்ப்பதில்லை. நீளத்தை மட்டுமே பார்க்கிறது.

நோயாளிகள் இதை என்னிடம் சொல்லும் விதம் எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவானது. ‘பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு டாக்டர்.’ ‘செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல, நாலு வீடு தாண்டிப் போயிட்டேன்.’ ‘முகம் கழுவக் குனிஞ்சு கண்ணை மூடுனா தள்ளாடுது.’ கடைசிச் சொல் முக்கியமானது. மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியும் இதே நீளமான நார்களில்தான் வருகிறது. அது வராதபோது கண் ஈடுகட்டும். கண்ணையும் மூடினால் உடம்புக்குத் தான் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. பி12 வைட்டமின் குறைவிலும் இதே தள்ளாட்டம் வரும். பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களும் ரத்தத்தில் பி12 அளவை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உணர்வு போன கால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன இடங்களில் நம் வேலூர் ஒன்று. பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்வதாக அன்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. மெலிந்த ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். பிராண்ட் அவன் கையைப் பிடித்துப் பார்த்தால் விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளில், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளில் குடியேறுகிறது. நரம்பு செத்தால் வலி போய்விடும். வலி போனதும் காயத்துக்கு மேல் காயம். இரவில் எலி கடித்துப் போனாலும் தூக்கம் கலையாது. விரல்கள் போனது அப்படித்தான். பிராண்டும் அவருடைய குழுவினரும் தசைநாண்களை இடம் மாற்றி மடங்கிய கைகளை நிமிர்த்தினார்கள்; பாதத்துக்கு மெத்தென்ற செருப்பைப் பழக்கினார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறோமே எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, அது வேலூர், கரிகிரி வட்டாரத்தில் தொழுநோயாளிகளின் பாதத்தில் பழகிப் பெற்ற அறிவு. 1966இல் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போன பிறகு, அதே பாடத்தைச் சர்க்கரைப் புண்களுக்கும் பிராண்ட் கொண்டுசென்றார். ஊரே ஒதுக்கிவைத்த மனிதர்களின் பாதங்களிலிருந்து கற்றதுதான் இன்று இத்தனை பேரின் காலைக் காப்பாற்றுகிறது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

போன நரம்பு திரும்ப வருமா என்று எல்லோரும் கேட்பீர்கள். அரிவாள் வெட்டில் மணிக்கட்டு நரம்பு அறுந்து, ஒழுங்காகத் தைத்துவிட்டால், நார் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். விரல் நுனிக்கு ஆறு மாதம் ஆகலாம். வளர்ந்துகொண்டிருக்கும் இடத்தின் மேல் விரலால் தட்டினால் சுர்ரென்று கூச்சம் ஓடும். வாராவாரம் அந்த இடம் கீழே நகர்வதைப் பார்த்து நோயாளி முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். தண்டுவடத்துக்குள் அறுந்த நாருக்கு அப்படி வளர வழியில்லை. இவ்வளவுக்கும் வளரும் திறமை அதற்கு இல்லாமல் இல்லை. 1981இல் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற ஆய்வாளர்கள் இருவரும், கால் நரம்பின் ஒரு துண்டைப் பாதையாக வைத்துக் கொடுத்தால் எலியின் தண்டுவட நார்கள் அதற்குள் வளர்ந்து போவதைக் காட்டினார்கள். தடை சுற்றுப்புறத்தில் இருக்கிறது. அதை நீக்க இன்றும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. சர்க்கரையால் பின்வாங்கிய நுனிகளை முழுதாக மீட்கும் மருந்து இன்னும் வரவில்லை, இருப்பதைக் காக்கலாம்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது காலைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார். இசைக்கவையைத் தட்டிப் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். ஐந்து நிமிடம்கூட ஆகாது. கேட்கத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை. இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலுடன் சுற்ற வேண்டாம். காலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள். செருப்பைப் போடும் முன் உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவுங்கள். புதுச் செருப்பு வாங்குவதாக இருந்தால் மாலையில் வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது, சரியான அளவு அப்போதுதான் தெரியும்.